ஃபைனலிக்குள் ஒரு ரிட்டர்ன்

பைத்தானில் பத்து வரிக்கும் குறைவாக ஒரு ஃபங்ஷன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு கடையின் அன்றைய விற்பனை பதிவான ஃபைலைத் திறந்து, வரி வரியாகக் கூட்டி, மொத்தத்தைத் திருப்பித் தருவது அதன் வேலை. மொத்தம் முதலில் பூஜ்யம். ஃபைலைத் திறப்பதும் கூட்டுவதும் ட்ரை பகுதிக்குள் நடக்கின்றன. ஃபைனலி பகுதியில் ஒரே வரிதான்: ரிட்டர்ன் மொத்தம். எழுதியவரின் நியாயம் புரிகிறது. எது நடந்தாலும் மொத்தத்தைத் தந்தாக வேண்டும். எது நடந்தாலும் ஓடுகிற இடம் ஃபைனலி. ரிட்டர்னை அங்கேயே போட்டுவிட்டால் விட்டுப்போகாது.

ஃபைல் இருக்கிற நாளில் கணக்கு சரியாக வருகிறது. ஃபைல் வந்து சேராத நாளில் பூஜ்யம் வருகிறது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. நிரல் நிற்கவில்லை, லாகில் ஒரு வரிகூட விழவில்லை. இன்னொரு நாள், பத்தாயிரம் வரியுள்ள ஃபைலில் ஐயாயிரத்தைத் தாண்டி ஏதோ ஒரு வரியில் எண் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்து இருக்கிறது. அதுவரை கூட்டிய தொகை, அன்றைய மொத்தம் என்ற பெயரில் வெளியே வருகிறது. பூஜ்யத்தைப் பார்த்தால் யாராவது சந்தேகப்படுவார்கள். பாதிக் கணக்கைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வராது.

இது பைத்தானில் இருக்கும் பக் அல்ல. பைத்தானின் அதிகாரபூர்வப் பாடத்திலேயே எழுதியிருக்கிறது: ஃபைனலிக்குள் ரிட்டர்ன், பிரேக், கன்டினியூ மூன்றில் எது ஓடினாலும், மேலே போகக் காத்திருக்கும் எக்ஸெப்ஷன் மறுபடி எழுப்பப்படாது. ஜாவாவும் இப்படித்தான். ஜாவாஸ்கிரிப்டும் இப்படித்தான். இந்த விதியை யாரும் கெட்ட எண்ணத்தோடு இயற்றவில்லை. யோசித்து, கணித ஒழுங்கோடு எழுதப்பட்ட ஒரு இலக்கணத்திலிருந்து பிறந்தது அது. மொழிவிட்டு மொழி தாவி, கோடிக்கணக்கான வரிகளுக்குள் இடம்பிடித்தது. அதை எடுத்துவிடலாம் என்று இருவர் சொன்னபோது மறுத்தார்கள். ஐந்து வருடம் கழித்து வேறு இருவர் ஏறக்குறைய அதையே சொன்னபோது ஒத்துக்கொண்டார்கள். இரண்டுக்கும் நடுவில் என்ன மாறியது என்பதுதான் என்னை இதை எழுத வைக்கிறது.

முதலில் அந்த எக்ஸெப்ஷனின் பாதையைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். லினக்ஸ் கணினி என்று கொள்வோம். இல்லாத ஃபைலைத் திறக்கச் சொன்னதும் கெர்னல் ஒரு எண்ணைத் திருப்பித் தருகிறது: 2. அப்படி ஒரு ஃபைலோ ஃபோல்டரோ இல்லை என்பதற்கு யூனிக்ஸ் உலகில் வழங்கும் எண் அது. பைத்தானின் உள்ளே, சி மொழியில் எழுதிய பகுதி அந்த 2-ஐப் பார்த்து, ஃபைல்நாட்ஃபவுண்ட்எரர் என்ற ஆப்ஜெக்டை உருவாக்குகிறது. எந்த ஃபைல், என்ன எண், என்ன செய்தி எல்லாம் அதற்குள் போகின்றன. ஓடிக்கொண்டிருக்கும் த்ரெட்டின் குறிப்பில் அந்த ஆப்ஜெக்டை வைத்துவிட்டு, சி ஃபங்ஷன் வெறுமையைத் திருப்பித் தருகிறது. அதைக் கூப்பிட்டதும் வெறுமையைப் பார்த்து வெறுமையையே தருகிறது. இப்படியே மேலேறி, பைத்தான் வரிகளை ஒவ்வொன்றாக ஓட்டும் மைய வளையத்துக்குச் செய்தி வந்து சேர்கிறது. எந்தெந்த வரி வழியாக வந்தது என்ற தடமும் ஆப்ஜெக்டோடு சேர்ந்துகொள்கிறது. நாம் ட்ரேஸ்பேக் என்று படிப்பது அதைத்தான்.

2022-இல் வந்த 3.11-லிருந்து, ஒவ்வொரு ஃபங்ஷனோடும் ஒரு அட்டவணை இருக்கிறது: இங்கிருந்து இதுவரை பிழை வந்தால் இந்த இடத்துக்குப் போ என்று. மைய வளையம் அட்டவணையைப் பார்த்து ஃபைனலிக்குப் போகிறது. ஃபைனலி என்று நாம் ஒரு தடவை எழுதியதைக் கம்பைலர் இரண்டு பிரதியாக வைத்திருக்கிறது. ஒன்று, பிழை இல்லாமல் வந்தால் ஓடுவதற்கு. மற்றது, பிழையோடு வந்தால் ஓடுவதற்கு. இரண்டாவது பிரதியின் கடைசியில், நாம் எழுதாத ஒரு கட்டளையைக் கம்பைலர் சேர்த்திருக்கிறது: ரீரெய்ஸ். கையிலிருக்கும் எக்ஸெப்ஷனை மறுபடி மேலே அனுப்பு என்று பொருள்.

எக்ஸெப்ஷனின் உயிர் அந்த ஒரு கட்டளையில்தான் இருக்கிறது. நம் ஃபங்ஷனில் அதற்கு முன்னாலேயே ரிட்டர்ன் வந்துவிடுகிறது. மொத்தத்தை எடுத்துக்கொண்டு ஃபங்ஷன் வெளியேறுகிறது. ரீரெய்ஸ் வரை ஓட்டம் போகவே இல்லை. எக்ஸெப்ஷன் ஆப்ஜெக்டை இனி யாரும் பிடித்திருக்கவில்லை என்பதால், அதைச் சுட்டும் எண்ணிக்கை பூஜ்யமாகி, நினைவகத்திலிருந்து அழிகிறது. ஃபைலின் பெயர், பிழை எண், தடம் எல்லாம் அதோடு போயின. யாரும் அதை அழிக்கச் சொல்லவில்லை. மேலே அனுப்பும் வரி ஓடாமல் போனது, அவ்வளவுதான்.

இந்த ஏற்பாட்டின் முன்னோர்களைத் தேடினால் 1960-களுக்குப் போக வேண்டும். ஐபிஎம்மின் பிஎல்/1 மொழியில், ஃபைல் முடிந்தால் இதைச் செய், பூஜ்யத்தால் வகுத்தால் இதைச் செய் என்று முன்கூட்டியே சொல்லிவைக்கும் வசதி வந்தது. 1975 டிசம்பரில் ஜான் குடினஃப் எழுதிய ஆய்வுக் கட்டுரை, எக்ஸெப்ஷன் என்பதை மொழியின் இலக்கணத்தில் வைத்துப் பேச வேண்டிய பொருளாக நிறுத்தியது. எம்ஐடியில் பார்பரா லிஸ்கோவின் குழு உருவாக்கிய க்ளூ மொழி, எக்ஸெப்ஷனை ஒழுங்கான வடிவில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இவையெல்லாம் பிழையைப் பிடிப்பது பற்றியவை. ஃபைனலியின் கவலை வேறு: பிழையைப் பிடிக்காவிட்டாலும், திறந்த ஃபைலை மூடிவிட்டுப் போ. லிஸ்ப் உலகில் அன்வைண்ட்-ப்ரொடெக்ட் என்ற பெயரில் அந்த ஏற்பாடு இருந்தது. 1984-இல் கை ஸ்டீல் தொகுத்த காமன் லிஸ்ப் நூலில் அது இடம்பெற்றது. ஸ்டீலின் பெயர் பின்னால் மறுபடி வரும்.

நம் கதையின் வேர் இருப்பது மாடுலா-3-இல். டெக் நிறுவனம் பாலோ ஆல்டோவில் நடத்திய ஆய்வகமும் ஒலிவெட்டியும் சேர்ந்து 1980-களின் கடைசியில் வகுத்த மொழி அது. லூகா கார்டெல்லி, கிரெக் நெல்சன் முதலானோர் எழுதிய அதன் வரையறை, சுருக்கத்துக்கும் தெளிவுக்கும் இன்றும் பாராட்டத் தக்கது. அதில் ட்ரை-ஃபைனலிக்கு நாலைந்து வாக்கியங்கள்தான். சாரத்தைச் சொல்கிறேன். முதல் பகுதி ஒழுங்காக முடிந்தால், ஒன்றன்பின் ஒன்றாக இரண்டும் ஓடியதற்குச் சமம். முதல் பகுதி எக்ஸெப்ஷனில் முடிந்து, ஃபைனலி ஒழுங்காக முடிந்தால், முதல் எக்ஸெப்ஷன் மறுபடி எழுப்பப்படும். இரண்டுமே எக்ஸெப்ஷனில் முடிந்தால், ஃபைனலியில் எழுந்ததே கடைசி முடிவு.

இதோடு அதே வரையறையின் இன்னொரு இடத்தைச் சேர்த்துப் படிக்க வேண்டும். மாடுலா-3-இல் ரிட்டர்ன் என்பதே ஒரு வகை எக்ஸெப்ஷனாக விளக்கப்படுகிறது. ஃபங்ஷனை விட்டு வெளியேறுவது, லூப்பை விட்டு வெளியேறுவது, பிழை எழுவது மூன்றையும் ஒரே இயக்கமாக, வரிசையை உடைத்துக்கொண்டு மேலே போகும் இயக்கமாக, அவர்கள் பார்த்தார்கள். ஒரு மொழியை வகுப்பவருக்கு இது பெரிய வசதி. மூன்று விதிக்குப் பதில் ஒன்று போதும். இரண்டு விதிகளையும் கோத்துப் பாருங்கள். ஃபைனலிக்குள் வரும் ரிட்டர்னும் ஒரு எக்ஸெப்ஷன். ஃபைனலியில் எழுந்தது வெல்லும். ஆகவே, காத்திருந்த உண்மையான பிழை தோற்கும். ஒரு ஓட்டையும் இல்லாத தர்க்கம். நிரலாளர் எதிர்பார்க்காத அந்த நடத்தை, இரண்டு நல்ல விதிகள் சேரும் இடத்தில் பிறந்தது.

இரண்டு எக்ஸெப்ஷன் ஒரே நேரத்தில் உயிரோடு இருந்தால் மேலே போக ஒன்றுக்குத்தான் வழி. இந்தச் சங்கடம் உண்மையானது. பிந்தியதைத் தேர்ந்தெடுத்ததில் குற்றம் சொல்ல முடியாது. பின்னால் வந்த மொழிகள் அதற்கு மருந்தும் கண்டுபிடித்தன. 2008-இல் வந்த பைத்தான் 3.0-வில், புது எக்ஸெப்ஷன் பழையதைத் தன்னோடு கட்டி எடுத்துப் போகிறது. இதைக் கையாளும்போது இன்னொன்று நேர்ந்தது என்று ட்ரேஸ்பேக்கில் இரண்டும் தெரிகின்றன. 2011-இல் ஜாவா 7, ஃபைல் முதலானவற்றைத் தானே மூடும் ட்ரை வடிவத்தைக் கொண்டுவந்தபோது, மூடும்போது எழும் பிழையை முதல் பிழையின் பின்னால் இணைத்துவைக்க வழி செய்தது. ஆனால் ரிட்டர்னுக்கு இந்த மருந்து வேலை செய்யாது. ரிட்டர்ன் கொண்டுபோவது ஒரு மதிப்பு. நம் உதாரணத்தில் அது பூஜ்யம். பூஜ்யம் என்ற எண்ணின் முதுகில் ஒரு பிழையைக் கட்டி அனுப்ப இடமில்லை. காகிதத்தில் ரிட்டர்னும் எக்ஸெப்ஷனும் ஒரே இனமாக இருக்கலாம். பெற்றுக்கொள்கிறவருக்கு அவை ஒன்றல்ல. எக்ஸெப்ஷன், ஏதோ தவறிவிட்டது என்கிறது. ரிட்டர்ன், எல்லாம் முடிந்தது என்கிறது. ஒன்றை மற்றொன்றால் மாற்றும்போது தகவல் குறைவதோடு நிற்கவில்லை, தலைகீழாகிறது.

1996-இல் ஜாவாவின் இலக்கண நூல் வந்தது. ஜேம்ஸ் காஸ்லிங், பில் ஜாய், கை ஸ்டீல் மூவரும் எழுதியது. லிஸ்ப் நூலைத் தந்த அதே ஸ்டீல். ஒரு வரி இடையில் முறிந்து முடிவதற்கான காரணங்கள் என்று பிரேக், கன்டினியூ, ரிட்டர்ன், த்ரோ நான்கையும் அதுவும் ஒரே வகையில் வைத்தது. ட்ரை ஒரு காரணத்தால் முறிந்து, ஃபைனலி இன்னொரு காரணத்தால் முறிந்தால், முதல் காரணம் கைவிடப்படும் என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னது. 2005-இல் ஜோஷுவா ப்ளாக்கும் நீல் காஃப்டரும் எழுதிய ஜாவா பஸ்லர்ஸ் நூலில் இது ஒரு புதிர். ட்ரைக்குள் ரிட்டர்ன் ட்ரூ, ஃபைனலிக்குள் ரிட்டர்ன் ஃபால்ஸ், விடை என்ன? விடை ஃபால்ஸ். ஜாவா கம்பைலரிடம் சிறப்பாகக் கேட்டுக்கொண்டால், இந்த ஃபைனலி ஒழுங்காக முடியாது என்று எச்சரிக்கும். கேட்காவிட்டால் பேசாமல் இருக்கும். ஜாவாஸ்கிரிப்டுக்கு 1999-இல் ட்ரை, கேட்ச், ஃபைனலி மூன்றும் தரநிலையில் வந்தபோது இதே விதிதான் வந்தது.

எல்லோரும் இந்த வழியில் போனார்கள் என்று சொல்ல முடியாது. டெல்ஃபி கம்பைலர், ஃபைனலியிலிருந்து பிரேக்கோ கன்டினியூவோ எக்ஸிட்டோ கொடுத்து வெளியே தாவுவதை ஏற்காது. சி ஷார்ப்பும் அப்படியே: ஃபைனலியின் உடலை விட்டு ஓட்டம் வெளியேறக் கூடாது என்று சொல்லி நிறுத்திவிடும். எச்சரிக்கை அல்ல, நேரடிப் பிழை. இரண்டு மொழிகளின் பின்னாலும் இருந்த முதன்மை வடிவமைப்பாளர் ஒருவரே: ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க். ஃபைனலிக்குள் புது எக்ஸெப்ஷனை எழுப்ப சி ஷார்ப் இன்றும் அனுமதிக்கிறது, பழையது அப்போது மறைந்துதான் போகிறது. ஆனால் தோல்வியை வெற்றியாக மாற்றும் வழியை மட்டும் முதல் நாளே அடைத்துவிட்டார்கள். அதனால் அந்த மொழி எதையும் இழந்ததாக நான் எங்கும் படித்ததில்லை.

பைத்தானில் கதை இன்னும் கோணலாகப் போனது. 1991-இல் வெளிவந்த முதல் பதிப்பிலேயே எக்ஸெப்ஷன் இருந்தது. அதன் வடிவத்தில் மாடுலா-3-இன் தாக்கத்தை, பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ராஸமே ஒத்துக்கொண்டிருக்கிறார். ரிட்டர்னையும் பிரேக்கையும் ஃபைனலிக்குள் எழுத முடிந்தது. கன்டினியூ மட்டும் முடியாது. எழுதினால் சின்டாக்ஸ் எரர். ஆபத்து என்று தெரிந்து தடுத்ததல்ல அது. உள்ளே பைட்கோடு அமைந்திருந்த விதத்தில் அதைச் சரியாக ஓட்ட முடியவில்லை, அதனால் தடுத்தார்கள். 2019 அக்டோபரில் 3.8 வந்தது. உள்ளமைப்பு திருத்தப்பட்டிருந்தது. பழைய தடைக்குக் காரணம் இல்லாமல் போனதால் தடையை நீக்கினார்கள். ஒழுங்குக்காகச் செய்த மாற்றம். ஆனால் அதனால் புதிதாக எது சாத்தியமானது என்று பாருங்கள்.

முடிவில்லாத ஒரு லூப். அதற்குள் ட்ரை, ட்ரைக்குள் ஒரு விநாடி தூங்கு என்ற வரி. ஃபைனலிக்குள் கன்டினியூ. ஓடவிட்டு, நிறுத்த வேண்டும் என்று கன்ட்ரோலையும் சி-யையும் அழுத்துங்கள். நிற்காது. மறுபடி அழுத்துங்கள். அப்போதும் நிற்காது. பைத்தானில் கன்ட்ரோல்-சி என்பதும் ஒரு எக்ஸெப்ஷன்தான், பெயர் கீபோர்ட்இன்டரப்ட். ட்ரைக்குள் எழுகிறது, ஃபைனலிக்கு வருகிறது, கன்டினியூ அதை விழுங்கிவிட்டு லூப்பின் தலைக்குப் போகிறது. நிரலை மூடு என்று எழுதும் சிஸ்.எக்ஸிட்டும் ஒரு எக்ஸெப்ஷன். அதற்கும் இதே கதி. ஏசிங்க்ஐஓவில் ஒரு டாஸ்கை ரத்துசெய்தால் அந்த ரத்தும் எக்ஸெப்ஷனாகத்தான் வருகிறது. அதையும் விழுங்கிவிட்டு டாஸ்க் ஓடிக்கொண்டே இருக்கும். சாதாரண எக்ஸெப்ட் எக்ஸெப்ஷன் என்ற வரியில் சிக்கக் கூடாது என்றே இந்த மூன்றையும் பேஸ்எக்ஸெப்ஷன் என்ற தனிக் கிளையில் கவனமாக வைத்திருக்கிறார்கள். ஃபைனலிக்குள் வரும் ஒரு தாவல் அந்தக் கிளையைப் பார்ப்பதே இல்லை. எல்லாவற்றையும் ஒன்றுபோல விழுங்குகிறது. வெளியிலிருந்து கில் கட்டளை கொடுத்துத்தான் அந்த நிரலை முடிக்க முடியும்.

3.8 வெளிவருவதற்குச் சற்று முன், 2019 ஆகஸ்டில், எதிர்த்திசையில் ஒரு முன்மொழிவு எழுதப்பட்டது. பைத்தானில் மாற்றம் வேண்டுவோர் எழுதும் ஆவணங்களுக்குப் பெப் என்று பெயர். இதன் எண் 601. எழுதியவர்கள், சின்னஞ்சிறு சிப்களில் ஓடும் மைக்ரோபைத்தானை உருவாக்கிய டேமியன் ஜார்ஜும், பட்டுஹான் தஷ்காயாவும். கன்டினியூவுக்குக் கதவைத் திறப்பதற்குப் பதில் மூன்றுக்கும் கதவை மூடுங்கள் என்பது கோரிக்கை. பொருள் தெளிவில்லை, ஓட்டும் இயந்திரத்தில் எழுதுவதும் சிரமம் என்றார்கள். மைக்ரோபைத்தானை எழுதியவருக்கு அந்தச் சிரமம் நேரடி அனுபவம்.

பைத்தானின் வழிநடத்தும் மன்றம் மறுத்துவிட்டது. அப்போது அதில் கைடோவும் இருந்தார். பெரும்பாலான மொழிகள் இதை அனுமதிக்கின்றன. கூடாது என்று சொல்வது நடைக் கையேடுகளின் வேலை, நிரலை ஓட்டாமலே படித்துக் குறை சொல்லும் லின்டர்களின் வேலை. பைத்தானுக்கும் அதுவே போதும் என்பது அவர் நிலை. அதன்படி, பெப் 8 என்ற நடைக் கையேட்டில் இதைத் தவிர்க்கச் சொல்லி ஒரு பத்தி சேர்ந்தது. கெட்ட முடிவு என்று அதை ஒதுக்கத் தோன்றவில்லை. புழக்கத்தில் இருக்கும் ஒரு இலக்கணத்தை எடுத்தால் யாருடைய நிரல் உடையும் என்று தெரியாத நிலையில், கைவைக்காமல் இருப்பது பொறுப்பான செயல். அன்று மன்றத்தின் முன் இருந்தவை இரண்டு அபிப்பிராயங்கள். ஒன்று, இது குழப்புகிறது. மற்றது, இது பயன்படக்கூடும். எது எவ்வளவு உண்மை என்று யாரும் எண்ணிப் பார்த்திருக்கவில்லை.

லின்டர்கள் தங்கள் பங்கைச் செய்தன. பைலின்ட் இதற்கு லாஸ்ட்-எக்ஸெப்ஷன் என்று பெயர் வைத்து எச்சரித்தது. ஃப்ளேக்8-இன் பக்பேர் தொகுப்பிலும் ஒரு விதி இருந்தது. ஜாவாஸ்கிரிப்டில் ஈஎஸ்லின்ட்டுக்கு இதற்கென்றே தனி விதி உண்டு. ஆனால் லின்டரை நிறுவி, ஓடவிட்டு, அது சொல்வதைக் கேட்பவர்களுக்குத்தான் அது உதவும். ஃபைனலிக்குள் ரிட்டர்ன் எழுதுகிறவர் பெரும்பாலும் அந்தக் கூட்டத்தில் இல்லாதவர். கையேடு அவரை எட்டாது.

2022-இல் 3.11 வந்தபோது ஒரு சின்னத் திருப்பம். பல எக்ஸெப்ஷன்களை ஒரே கட்டாக எழுப்பும் வசதி வந்தது; அதைப் பிடிக்க எக்ஸெப்ட்-நட்சத்திரம் என்ற புது வடிவம். அதை முன்மொழிந்த பெப் 654-ஐ எழுதிய மூவர் இரிட் கேட்ரியெல், யூரி செலிவனோவ், கைடோ. எக்ஸெப்ட்-நட்சத்திரத்துக்குள் ரிட்டர்ன், பிரேக், கன்டினியூ மூன்றும் பிறக்கும்போதே தடை. கட்டிலுள்ள ஒரு எக்ஸெப்ஷனைக் கையாளும் விதம் மற்றவற்றைக் கையாள்வதைப் பாதிக்கக் கூடாது என்பதே காரணம். மூன்று வருடம் முன் கையேட்டின் வேலை என்று ஒதுக்கியதை, புது இலக்கணத்தில் கம்பைலரின் வேலையாக வைத்தார்கள்.

2024-இல் இரிட் கேட்ரியெல் பழைய ஃபைனலியின் பக்கம் திரும்பினார். இந்த முறை வாதத்துக்கு முன்னால் கணக்கெடுப்பு. பைத்தான் பேக்கேஜ்களின் பொதுக் களஞ்சியமான பைபிஐயில் அதிகம் பயன்படும் 8,000 பேக்கேஜ்களை எடுத்து, ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, ஃபைனலியிலிருந்து வெளியே தாவும் ஒவ்வொரு இடத்தையும் பொறுக்கினார். ஏறக்குறைய 12 கோடி வரிகள். கிடைத்தவை 203 இடங்கள். பெரும்பாலும் ரிட்டர்ன், சில பிரேக், கன்டினியூ ஒன்றுகூட இல்லை. 3.8-இல் திறந்த கதவு வழியாக அந்த 12 கோடி வரியில் ஒருவரும் நுழையவில்லை.

பிறகு செய்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. எண்ணிக்கையோடு நிற்காமல் அந்த 203 இடங்களும் ஒவ்வொன்றாகப் பார்க்கப்பட்டன. 46 இடங்கள் சரியானவை. ஆனால் அவை லின்டர் முதலான கருவிகளின் சோதனை நிரல்கள், இந்தக் கெட்ட வடிவத்தைக் கண்டுபிடிக்கிறதா என்று பார்க்கவே எழுதியவை. 8 இடங்கள் சரியாக இருக்கக்கூடியவை: வேண்டுமென்றே எக்ஸெப்ஷனை விழுங்குபவை, அல்லது எக்ஸெப்ஷன் வரவே வழியில்லாத இடத்தில் இருப்பவை. அவற்றையும் இன்னும் தெளிவாக வேறு விதத்தில் எழுத முடியும். மீதி 149 இடங்கள் தெளிவான தவறு. எழுதியவர் நினைக்காத எக்ஸெப்ஷனையும் அவை விழுங்கும்.

சோதனை நிரல்களைத் தள்ளிவிட்டால் 157-இல் 149 தவறு. இதை எழுதியவர்கள் கற்றுக்குட்டிகள் அல்ல. உலகம் அதிகம் பயன்படுத்தும் 8,000 பேக்கேஜ்களைப் பராமரிப்பவர்கள். பல கண்கள் படித்துத் தேறிய வரிகள் அவை. இப்படிப்பட்டவர்கள் எழுதும்போதே இருபதில் பத்தொன்பது தடவை தவறாக முடிகிறது என்றால், எழுதுகிறவருக்கு இன்னும் பாடம் நடத்திப் பயனில்லை, வடிவத்தையே மாற்ற வேண்டும். அதே நேரத்தில் 12 கோடி வரியில் 203 என்பதால், எடுத்தால் உடையப்போவது மிகக் குறைவு என்பதும் ஒரே கணக்கில் தெரிந்துவிட்டது. 2019-இல் இருந்த இரண்டு கேள்விக்கும் அங்கே விடை இருந்தது. கெடுதல் எவ்வளவு, திருத்தினால் சேதம் எவ்வளவு என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து பிறருடைய நிரலைப் படித்ததால் கிடைத்த விடை. மொழி வடிவமைப்பு பற்றிய சண்டைகளில் ரசனை பேசும் அளவுக்கு இந்த வகை உழைப்பு பேசப்படுவதில்லை. பேசப்பட வேண்டும்.

இரிட் கேட்ரியெலும் அலிஸா காக்லனும் சேர்ந்து எழுதிய பெப் 765 ஏற்கப்பட்டது. 2025 அக்டோபரில் வெளிவந்த பைத்தான் 3.14, ஃபைனலியிலிருந்து வெளியே தாவும் ரிட்டர்ன், பிரேக், கன்டினியூவைக் கண்டால் சின்டாக்ஸ்வார்னிங் தருகிறது. ஃபைனலிக்குள்ளேயே ஒரு லூப் இருந்து, அதற்குள் பிரேக் இருந்தால் எச்சரிக்கை இல்லை; அது ஃபைனலியை விட்டு வெளியே போகவில்லை. ஃபைனலிக்குள் ஒரு ஃபங்ஷனை வரையறுத்து அதற்குள் ரிட்டர்ன் இருந்தாலும் சிக்கல் இல்லை. எச்சரிக்கை எப்போது தடையாகும் என்று பைத்தான் தேதி வைக்கவில்லை. ஆனால் மொழியின் வரையறை இப்போதே ஒன்றைச் சொல்லிவிட்டது: பைத்தானை வேறு விதமாக உருவாக்குகிறவர்கள், விரும்பினால் இதை நேரடிப் பிழையாகவே நிராகரிக்கலாம். 2019-இல் மைக்ரோபைத்தான்காரர் கேட்டதில் பெரும்பகுதி அதில் இருக்கிறது.

ஜாவாவிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் விதி இருந்த இடத்திலேயே இருக்கிறது. அங்கே லின்டரும் கம்பைலரின் கூடுதல் எச்சரிக்கையும்தான் துணை.

பைத்தானில் வேலை செய்கிறவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இந்த எச்சரிக்கை வருவது ஃபைல் கம்பைல் ஆகும்போது மட்டும். ஒருமுறை கம்பைல் ஆகி பைக் ஃபைலாகச் சேமிக்கப்பட்டுவிட்டால் அடுத்த ஓட்டத்தில் வராது. சர்வரில் எச்சரிக்கையே இல்லை என்பதால் நிரலில் கோளாறு இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 3.14-ஐ ஒரு ஓரமாக நிறுவிக்கொண்டு, எச்சரிக்கைகளைப் பிழையாக மாற்றும் டபிள்யூ எரர் தேர்வோடு, கம்பைல்ஆல் மாட்யூலை ப்ராஜெக்ட் ஃபோல்டர் முழுவதும் ஒரு முறை ஓட்டினால் போதும். பழைய சேமிப்பைப் பொருட்படுத்தாமல் எல்லாவற்றையும் மறுபடி கம்பைல் செய்யச் சொல்லும் எஃப் தேர்வையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நிரலை இயக்கத் தேவையில்லை, டேட்டாபேஸ் வேண்டாம், நெட்வொர்க் வேண்டாம். ஃபைல் பெயரும் வரி எண்ணும் வந்து விழும்.

கிடைக்கும் இடங்களில் திருத்தம் பெரும்பாலும் ஒரே மாதிரி. ரிட்டர்னை ஃபைனலியிலிருந்து எடுத்து, ட்ரை முழுவதும் முடிந்த பிறகு, வெளியே வையுங்கள். ஃபைனலியில் வேறு வரி இல்லை என்றால் ஃபைனலியே தேவையில்லை. ஃபைலை மூடுவதற்காக அது இருந்தால், வித் என்று எழுதுவது இன்னும் நல்லது. எக்ஸெப்ஷனை விழுங்கியே ஆக வேண்டிய அபூர்வமான இடம் என்றால், எக்ஸெப்ட் பேஸ்எக்ஸெப்ஷன் என்று வெளிப்படையாக எழுதி, ஏன் என்று பக்கத்தில் ஒரு கமென்ட் போடுங்கள். அடுத்து வருகிறவர் அதைப் படித்துவிட்டு ஒத்துக்கொள்ளவோ சண்டை போடவோ முடியும். விற்பனைக் கணக்கு ஃபங்ஷனில் அந்த ஒரு வரியை நாலு இடைவெளி இடப்பக்கம் நகர்த்தி, மேலே இருக்கும் ஃபைனலி என்ற சொல்லையும் அழித்து, கூட்டலுக்கு ட்ரையே வேண்டியதில்லை என்பதையும் பார்த்துக்கொண்டால், ஃபைல் வராத நாளில் நிரல் நிற்கும். எந்த ஃபைல் வரவில்லை என்று பெயரோடு சொல்லும்.